ஆவடிப் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடுமா?

கையில் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் சேமிப்பு இருக்கிறது, வங்கியில் இருபது லட்சம் கடன் கிடைக்கும், அந்தப் பணத்துக்குச் சென்னைக்குள் எதுவும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஆவடி, பட்டாபிராம், மீஞ்சூர், மறைமலைநகர் மாதிரி தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் பகுதியில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்பது கேள்வி. வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும் என்று புரோக்கர் சொல்கிறார். அந்த ஏரியாவில் வாடகையே ஒழுங்காக வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: உங்கள் சம்பளத்தைத் தொடாமல், குடியிருப்பவர் தரும் பணத்திலேயே ஒரு வீடு உங்களுக்குச் சொந்தமாகுமா? ஆகாது. புரோக்கர் சொல்வதும் தவறு, நண்பர்கள் சொல்வதும் தவறு. ஆனாலும் சில நிபந்தனைகளோடு இது செய்யத்தக்க காரியம்தான். அந்த நிபந்தனைகளைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நான் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுக்கும் சிவில் இன்ஜினியர். வீட்டுக் கடன் கேட்டு வரும் கோப்புகளில் இருக்கும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, அளந்து, அக்கம்பக்கத்தில் விலையும் வாடகையும் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. பெரும்பாலும் மேற்கு, வடக்குப் புறநகர்களில்தான். அதனால் விலை, வாடகை, கட்டடத்தின் நிலை ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். பத்திரம், வரி பற்றி எழுதுவதை வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பட்டாபிராம் பக்கம் 650 சதுர அடியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 8,500. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிவு செய்தால் இரண்டரை லட்சம் அதிலேயே போகும். (பில்டரிடம் முதல் முறையாக வாங்கும் வீடாக இருந்தால், 2023 டிசம்பரில் வந்த முறைப்படி 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம்தான்.) அப்படியென்றால் வீடு உங்கள் கைக்கு வரும்போது முப்பதரை லட்சம் ஆகிவிட்டது. புரோக்கர் கமிஷன், வக்கீல் ஃபீஸ், பெயின்ட் எல்லாம் இதற்கு மேல். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி கிடக்கும் என்று கொண்டால் 93,500 ரூபாய் வாடகை வரும். சொத்து வரி, குடியிருப்பவர் மாறும்போது அடிக்கும் பெயின்ட், மோட்டார், குழாய், கதவு என்று வருடத்துக்குப் பதினைந்தாயிரத்தைக் கழித்தால் மிச்சம் 78,500. போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் இது இரண்டரை சதவீதம். இருபது லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ 17,350 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். உங்களுக்கு நிகரமாகக் கிடைப்பது மாதம் 6,500. ஆக மாதாமாதம் கிட்டத்தட்ட பதினோராயிரம் ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அசலை விடுங்கள், முதல் வருட வட்டியில் பாதியைக்கூட இந்த வாடகை தாண்டாது.

இது பட்டாபிராமுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. சென்னையில் நல்ல இடங்களில் இந்த விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. மலிவான வீட்டில் விலைக்கு வாடகை சற்றே உயர்ந்து தெரியும். ஆனால் பெயின்டும் மோட்டாரும் மலிவான வீட்டுக்கு மலிவாகக் கிடைப்பதில்லை. நாற்பதாயிரம் வாடகை வரும் வீட்டில் ஒரு மோட்டார் எரிந்தால் அரை மாத வாடகைகூடப் போகாது. எட்டாயிரம் வாடகையில் அது ஒன்றரை மாத வாடகையைத் தின்றுவிடும். குறைந்த வாடகை வீட்டை வாங்குபவர்கள் காகிதத்தில் போடும் கணக்கு தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்படியானால் புறநகரில் வீடு வாங்கியவர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள்? நிலத்தில். வாடகை, அந்த நிலத்தை விற்காமல் காத்திருக்க உதவியது, அவ்வளவுதான். மேலே சொன்ன வீட்டில் உங்கள் பத்தரை லட்சத்தை வைப்புத் தொகையில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியையும் கடன் வட்டியையும் கூட்டி, நிகர வாடகையைக் கழித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் துண்டு விழும். வீட்டின் விலை வருடாவருடம் ஐந்தரை சதவீதமாவது ஏறினால்தான் உங்களுக்கு நட்டமில்லை. லாபத்தை அதற்கு மேல்தான் எண்ண முடியும். இப்போது ஃபிளாட்டில் உங்கள் பெயருக்கு எவ்வளவு நிலம் வருகிறது என்று பாருங்கள். யுடிஎஸ் என்ற பிரிபடாத பங்கு 300 சதுர அடி, அடி 3,000 ரூபாய் என்றால் நிலம் ஒன்பது லட்சம். மீதிப் பத்தொன்பது லட்சம் கட்டடத்துக்கும் பில்டரின் லாபத்துக்கும் கொடுத்தது. கான்கிரீட் கட்டடத்துக்கு அறுபது வருட ஆயுள் வைத்து, முடிவில் பத்து சதவீதம் மிஞ்சும் என்று கொண்டு, வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் கழிப்பது எங்கள் வழக்கம். கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டே போவதால் சந்தையில் அந்தத் தேய்மானம் சில வருடங்களுக்கு வெளியே தெரியாது. பதினைந்து, இருபது வருடம் ஆன ஃபிளாட்டை விற்க வரும்போதுதான் தெரியும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு என்றால் இன்னும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அதனால் உங்கள் பட்ஜெட்டில் நான் ஃபிளாட்டைவிடச் சின்னத் தனி வீட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். வேப்பம்பட்டு, திருநின்றவூர், மீஞ்சூர் பக்கம் 600 சதுர அடி மனையில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் உள்ள பழைய வீடு முப்பது லட்சம் என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஆறாயிரம் வாடகை என்றால் வருடத்துக்கு 1,44,000, அதாவது விலையில் ஏறத்தாழ 4.8 சதவீதம். இதுவும் இஎம்ஐயைக் கட்டாது. ஆனால் துண்டு விழுவது குறைகிறது, ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றது ஓடும், கொடுத்த விலையில் பாதிக்கு மேல் நிலமாக உங்கள் பெயரில் நிற்கிறது. பதிவுச் செலவையும் சேர்த்தால் கையிருப்பு இன்னும் இரண்டு லட்சம் தேவைப்படலாம். அதற்காக ஒரு வருடம் காத்திருந்தாலும் பரவாயில்லை. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி விலையில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்டு முழுக்க எடுத்துவிடாதீர்கள். வாடகைக்கு விடும் வீட்டில் 90 சதவீதக் கடன் இருந்தால், இரண்டு மாதம் வீடு காலியானதுமே மூச்சு முட்டும்.

தனி வீட்டுக்கு ஒரு விலை உண்டு, அது உங்கள் நேரம். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்குச் சொல்ல வேண்டும். மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் அன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும். ஒரே மோட்டார் என்றால் யார் போடுவது, யார் அணைப்பது என்று சண்டை வரும். நீங்கள் சோழிங்கநல்லூரில் வேலை பார்த்துக்கொண்டு மீஞ்சூரில் வீடு வாங்கினால் இதையெல்லாம் உங்களால் கவனிக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிற இடத்தில், அல்லது நம்பிக்கையான சொந்தம் குடியிருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். வாடகை வீடு என்பது ஒரு சின்னத் தொழில். கடையை வாங்கிப் பூட்டிவிட்டு வெளியூர் போனவருக்கு வியாபாரம் நடக்காது.

இனி நண்பர்களின் பயம். குறைந்த வருமானக் குடும்பங்கள் வாடகை தராது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். மதிப்பீட்டுக்குப் போகும்போது குடியிருப்பவரிடமும் பேசுவேன், உரிமையாளரிடமும் பேசுவேன். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது வாடகையைத்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அண்ணாச்சி கடைக் கணக்கு, வேலைக்குப் போகும் ரயில் என்று எல்லாம் அந்த வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. வீட்டை இழந்தால் அத்தனையும் போகும். பாக்கி விழுவதற்குக் குணம் காரணமாக இருப்பது குறைவு. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கம்பெனியில் ஓவர்டைம் நின்றது, கான்ட்ராக்ட் மாறியது என்று ஏதோ ஒன்று நடந்திருக்கும். பல கம்பெனிகளில் சம்பளமே ஏழு தேதிக்கு மேல்தான் வருகிறது, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்னும் தள்ளிப்போகும். ஒன்றாம் தேதி வாடகை கேட்டுவிட்டு ஐந்தாம் தேதி கோபப்படும் உரிமையாளர், நல்ல குடித்தனக்காரரை அவராகவே துரத்துகிறார். பத்தாம் தேதி என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் இந்தப் பிரச்சினையில் பாதி இல்லாமலே போகும்.

உண்மையான நட்டம் வீடு காலியாகக் கிடப்பதில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுகிறவர்கள் குறைவு. ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி வரை பூட்டிக் கிடக்கலாம். வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டு, நாலு வருடமாக ஒழுங்காக இருந்த குடும்பத்தை அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் காலியாக வைத்துப் பெயின்டும் அடித்தால், அந்த ஐந்நூறு திரும்பி வர மூன்று வருடம் ஆகும். இன்ன சாதி, இன்ன மதம், அசைவம் கூடாது, வடமாநிலத்தவர் கூடாது என்று அடுக்குபவர்களின் வீட்டில்தான் ‘டு லெட்’ பலகை நீண்ட நாள் தொங்குகிறது. அப்படி ஒதுக்குவது மனிதருக்குச் செய்யும் அநியாயம். காசுக் கணக்காகப் பார்த்தாலும் நட்டம்தான். அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இயந்திரங்களை ஓட்டுபவர்களில் பாதிப்பேரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே வாடகைத் தொழில் செய்ய முடியாது. ஆனால் ஒரே அறையில் பத்துப் பேரைத் தங்க வைக்கும் கான்ட்ராக்டரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள். கழிவறையும் தண்ணீரும் தாங்காது, குடியிருப்பவர்களுக்கும் அது கொடுமை.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல இடங்களில் உரிமையாளர்கள் ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வாங்குகிறார்கள். அந்தச் சலுகை குடும்பத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். உங்களுக்கும் கணக்குத் தொல்லை இல்லை, குடியிருப்பவரும் எளிதில் வீட்டை விட மாட்டார்.

ஏரியாவைத் தேர்ந்தெடுப்பதில் நான் மிகவும் அழுத்திச் சொல்வது, ஒரே கம்பெனியை நம்பிய ஊரில் வாங்காதீர்கள் என்பதுதான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியபோது சுற்றுப்பட்டில் வீட்டுக்கு மேல் வீடாக எழும்பியது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, அடுத்த ஆண்டு நிறுத்தியும் விட்டது. இரண்டு ஊரும் பிறகு எழுந்துவிட்டன, அங்கே வேறு தொழிற்சாலைகளும் இருந்தன. ஆனால் நடுவில் வரும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் இஎம்ஐ நிற்காது. இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் அளவு. தொழிலாளர்களுக்கு நல்ல விஷயம், அது இன்னும் பல இடங்களில் வர வேண்டும். ஆனால் அந்தப் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று எண்ணி வீடு கட்டியவர்களின் கணக்கு மாறிவிட்டது. ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள் எனக்குப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். ஆவடியிலோ வேப்பம்பட்டிலோ இருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் போகலாம், பெரம்பூருக்கும் போகலாம், சென்ட்ரலில் இறங்கிக் கடை வேலைக்கும் போகலாம். ஒரு வேலை போனாலும் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ காசு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி உங்களுக்கு வாடகையாக வரும்.

அடுத்தது தண்ணீர், இரண்டு விதத்திலும். முடிச்சூர், வரதராஜபுரம் 2015 வெள்ளத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மணலி புதுநகர் கொசஸ்தலை ஆற்றால் 2015இலும் 2021இலும் மூழ்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆவடிப் பக்கமும் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. வெள்ளம் வந்த இடத்தில் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் அவதி என்று நினைக்கிறார்கள். ஒருமுறை இடுப்பளவு தண்ணீரில் நின்ற குடும்பம் அடுத்த வருடமும் அந்தத் தரைத்தளத்தில் இருக்காது. பீரோவும் ஃபிரிட்ஜும் இழந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரில் புதுப் பெயின்டுக்குக் கீழே உப்புப் பூத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மின் மீட்டர் பெட்டியை வழக்கத்துக்கு மேல் உயரத்தில் மாற்றி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, வாசலில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்றால், சின்ன மழைக்கே சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். முடிந்தால் நவம்பரில் ஒரு மழை நாளில் போங்கள். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டால் எந்த வருடம் எத்தனை அடி நின்றது என்று சொல்லிவிடுவார்.

கோடையில் குடிதண்ணீர் இல்லாத வீட்டை எவ்வளவு அழகாக வைத்தாலும் ஆள் நிற்காது. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. அங்கே போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். தெருக்குழாய் இணைப்பு, போர் இரண்டும் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

பத்திரத்தில் நான் பார்க்கும் சிக்கல்களை மட்டும் சொல்கிறேன். விலை அக்கம்பக்கத்தைவிட முப்பது சதவீதம் குறைவு என்றால், காரணம் அநேகமாகக் காகிதத்தில் இருக்கும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது சட்டப்படி ஏற்றுக்கொள்ள, 2017இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். ‘பண்ணிக்கலாம் சார்’ என்ற பதிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வரும் கிராமங்களில் சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கப் பஞ்சமி நிலங்கள் இருந்தன. 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டவை அவை. அவர்களைத் தவிர மற்றவர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. அது அந்த மக்களுக்கு உரிய நிலம், அதில் வீடு வாங்கக் கூடாது என்பதற்குச் சட்டம் மட்டுமே காரணமில்லை. ஏரிப் புறம்போக்கு, கோயில் நிலம் இவற்றில் கட்டிய வீட்டுக்குச் சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கும். அவை உரிமைக்குச் சான்று ஆகாது. அதேபோல் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகள் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறுவதாக உங்களிடமும் யாராவது வருவார்கள். வாரியம் கிரயப் பத்திரம் தராத வீட்டை, ஒதுக்கீட்டு ஆணையையும் பவர் பத்திரத்தையும் காட்டி விற்றால் வாங்காதீர்கள். நகரத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்ட குடும்பத்துக்குக் கொடுத்த வீடு அது.

மூலப்பத்திரத்திலிருந்து தொடர், முப்பது வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், இந்த நான்கையும் உங்கள் வக்கீல் பார்க்கட்டும், விற்பவரின் வக்கீல் வேண்டாம். மேல்போர்ஷன் வரைபடத்தில் இல்லாமல் கட்டியிருந்தால் வங்கி அதற்கு மதிப்புத் தராது, நாங்களும் அறிக்கையில் எழுத மாட்டோம். பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சொத்துப் பரிமாற்றத்தில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. நாளைக்கு விற்கும்போது அந்த ரொக்கத்தை உங்கள் வாங்கிய விலையாகக் காட்டவும் முடியாது.

குடியமர்த்துவது பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். வேறு உடன்பாடு இல்லாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். பழைய சென்னை வழக்கப்படி பத்து மாதம் கேட்டால் தொழிலாளர் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் தரும். அந்த வட்டிதான் பிறகு உங்கள் வாடகைப் பாக்கியாக வரும். பாக்கி வைத்தார் என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டப்படி தவறு. லீசுக்கு, அதாவது வாடகையே இல்லாமல் நாலைந்து லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு விடும் முறையில், கடனை அடைக்கலாமே என்ற ஆசை வரும். மூன்று வருடம் கழித்து அதே தொகையை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். வீடு வங்கி அடமானத்தில் இருக்கும்போது வங்கிக்குச் சொல்லாமல் இதைச் செய்யவும் கூடாது. உங்களிடம் வாடகைக்கு எடுத்து மற்றவர்களுக்கு லீசுக்கு விடும் இடைத்தரகர்களிடம் வீட்டை ஒப்படைக்கவே ஒப்படைக்காதீர்கள். அவர்கள் பணத்தோடு போனால், சேமிப்பையெல்லாம் கொடுத்த குடும்பம் உங்கள் வீட்டுக்குள் நிற்கும். அவர்களை வெளியே போகச் சொல்லவும் உங்களுக்கு மனம் வராது.

வரியில் நிகர வாடகையிலிருந்து 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, நீங்கள் கட்டிய சொத்து வரியையும் கழிக்கலாம். பழைய வரி முறையில் இருந்தால் வீட்டுக் கடன் வட்டியால் வரும் நட்டத்தை வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் அப்படிச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. ‘டாக்ஸ் மிச்சம் ஆகும் சார்’ என்று புரோக்கர் சொல்வது நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் வீட்டை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீத வரி, பணவீக்கத்துக்காக வாங்கிய விலையைக் கூட்டிக் காட்டும் சலுகை கிடையாது.

இதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதி எனக்கு உறுதி. உறுதியில்லாதது ஒன்றுதான், ஆனால் மொத்த லாபமும் அதில்தான் இருக்கிறது: நிலவிலை எவ்வளவு ஏறும் என்பது. பட்டாபிராமில் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் வந்தது. இவை நடந்து முடிந்தவை. ஆனால் இவை திறக்கும் முன்பே, அறிவிப்பு வந்த நாளிலேயே அந்தப் பகுதி விற்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தப் பெயரில் எத்தனையோ மனைகள் விற்றாகிவிட்டன. வரப்போகிற திட்டத்துக்கு இன்றைக்கே விலை கொடுப்பவர், விற்பவருடைய லாபத்தைத் தன் கடனில் கட்டுகிறார். இன்றைக்கு இருக்கும் ரயில், பள்ளிக்கூடம், தண்ணீர் இவற்றுக்கு நியாயமான விலையா என்று மட்டும் பாருங்கள். நாளை வருவது வந்தால் வரட்டும்.

உங்கள் நிலைமைக்கு என் பதில் இது. ஆறு மாதம் வாடகையே வராவிட்டாலும் இஎம்ஐ கட்ட முடியும், அதற்கான பணம் தனியாக வங்கியில் கிடக்கிறது, அடுத்த பத்து வருடத்துக்கு இந்த வீட்டை விற்க வேண்டிய தேவை இல்லை, மாதம் ஒருமுறை நேரில் போய்வர முடியும் என்றால், ஆவடி, வேப்பம்பட்டு வழியாகப் போகும் மேற்கு ரயில் பாதையை ஒட்டி இரண்டு போர்ஷன் உள்ள சின்ன வீடாகத் தேடுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இப்போது வாங்க வேண்டாம். பணத்தை வைப்பு நிதியில் வைத்துக்கொண்டு ஏரியாக்களைச் சுற்றிப் பாருங்கள். வாடகைக்கு வீடு தேடுபவராகவே போய் விசாரித்தால் உண்மையான வாடகை தெரியும். வீடு பிடித்துப்போனால் டோக்கன் அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் தராதீர்கள், வங்கி வழியாகவே கொடுங்கள். வக்கீல் ஆட்சேபம் சொன்னாலோ வங்கி கடன் மறுத்தாலோ அந்தத் தொகையைப் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதை எழுத மறுப்பவரிடம் அந்த வீட்டை வாங்காதீர்கள்.